பிக்கப் வண்டியில் மந்தர ஒலி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ‘பிக்கப்’ என வழங்கும் சிறு லொறி, தொடக்கத்திலே கமக்காரரையும் தச்சரையும் கருதியே செய்யப்பட்டது. 1925ஆம் ஆண்டில் ஃபோர்ட் கொம்பனியார் தங்கள் ‘மொடல் ரி’ வண்டியின் பின்புறத்தில் திறந்த பெட்டியொன்றைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்பனைக்கு விட்டனர். வைக்கோலும் பலகையும் ஏற்றிச் செல்வதே அதன் பணி. சங்கீதத்துக்கு அதில் இடமிருக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1930இல், சிக்காகோ நகரத்துக் கல்வின் நிறுவனம் மோட்டார் வண்டிக்கென அமைந்த வானொலிப் பெட்டியை ‘மோட்டறோலா’ என்ற பெயரில் வெளியிட்டது. சாரதி வண்டியோட்டிக்கொண்டே பாட்டுக் கேட்கும் பழக்கம் அதன் பின்னரே பரவியது. இன்று பிக்கப் வண்டி பெருமளவில் உருமாறிவிட்டது. நான்கு கதவுகளும் இரண்டு வரிசை ஆசனங்களும் கொண்ட, இலங்கை மக்கள் ‘டபிள் கப்’ என்று சொல்லும் அமைப்பே அமெரிக்க வீதிகளிலும் மிகுதியாகக் காணப்படுகிறது. வாரநாளில் வேலைத்தளத்துக்கும் ஓய்வுநாளில் குடும்பத்தோடு நெடும்பயணத்துக்கும் அதே வண்டிதான் செல்கிறது. ஆதலால் அதன் ஒலியமைப்பைப் பற்றி உரிமையாளர் கவலைப்படத் தொடங்கியதில் வியப்பில்லை.

அவர்கள் கூறும் குறை பெரும்பாலும் ஒன்றே. பேச்சுத் தெளிவாகக் கேட்கிறது. வயலினும் குழலும் கேட்கின்றன. ஆனால் பாட்டுக்கு அடியில் நிற்கவேண்டிய மந்தர ஒலி காணாமற் போகிறது. தவிலின் தொப்பியைத் துணியாற் போர்த்திவிட்டு வலந்தலையை மட்டும் வாசித்தால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கிறது தொழிற்சாலையார் தந்த ஒலி. இக்குறையை நீக்குதற்பொருட்டு வண்டியிற் கூட்டிச் சேர்க்கும் தனி ஒலிபெருக்கியையே வியாபாரிகள் ‘சப்வூபர்’ என்பர். மந்தர ஒலிபெருக்கி என அதனைத் தமிழில் அழைக்கலாம்.

தொழிற்சாலையார் அறியாமையால் இக்குறையை விட்டார்கள் என்று எண்ணுதல் தவறு. ஒலி என்பது காற்றின் அசைவு. உயர்ந்த சுரத்துக்குக் காற்றை விரைவாகவும் சிறிதாகவும் அசைத்தாற் போதும். தாழ்ந்த சுரத்துக்கோ மெதுவாகவும் மிகுதியாகவும் அசைக்கவேண்டும். ஒரே வலிமையுள்ள ஒலியைச் சரிபாதி அதிர்வெண்ணில் எழுப்பவேண்டுமாயின், திறந்த வெளியில் நான்கு மடங்கு காற்றைத் தள்ளவேண்டும் என்பது பௌதிகவியல் காட்டும் கணக்கு. சிறு ஓலைவிசிறியை எவ்வளவு வேகமாக ஆட்டினாலும், சுளகை ஒருமுறை மெல்ல வீசும்போது பெயரும் காற்று அதிலிருந்து பெயராது. கதவினுள்ளே பொருத்தப்பட்ட ஒலிபெருக்கி குறுக்களவில் 16 சதம மீற்றர் அளவினது. அதன் தாள் முன்னும் பின்னும் சில மில்லிமீற்றரே அசையவல்லது. செக்கனுக்கு 40 அதிர்வுகள் கொண்ட ஒலியை அது உரக்க எழுப்பவேண்டும் என்று கேட்பது, முடியாத ஒன்றைக் கேட்பதாகும். பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த நரம்பு செக்கனுக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகளில் ஒலிப்பது என்பதை இங்கே நினைவிற் கொள்ளலாம்.

மின்சாரத்திலும் ஓர் எல்லையுண்டு. எஞ்சின் ஓடும்போது வண்டியின் மின்னமுக்கம் ஏறத்தாழ 14 வோல்ற்று. முன்பலகையிலுள்ள வானொலிப் பெட்டி அதனை உயர்த்தாமல் அப்படியே பயன்படுத்துமாயின், 4 ஓம் தடையுள்ள ஒலிபெருக்கிக்கு அது கொடுக்கக்கூடிய தொடர்ச்சியான வலு கணக்கின்படியே 25 உவாற்றை எட்டாது. நடைமுறையில் 20க்கும் குறைவு. ‘ஐம்பது உவாற்று, நான்கு வழி’ என்று விளம்பரத்தில் அச்சிடப்படுவது கண்ணிமைப் பொழுதுக்குரிய உச்ச அளவேயன்றி, தொடர்ந்து கிடைப்பதன்று. மந்தர ஒலிக்கென வைக்கும் விரியலாக்கி இந்த எல்லையைத் தாண்டும் உபாயம் எளியது: 14 வோல்ற்றைத் தன்னுள்ளேயே பலமடங்கு உயர்த்திக்கொண்டு, அதன் பின்னரே ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது.

இனி, காதின் இயல்பையும் பார்க்கவேண்டும். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஃபிளெச்சரும் மன்சனும் 1933ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, மனிதக் காது எல்லாச் சுரங்களையும் ஒரே கண்கொண்டு பார்ப்பதில்லை என்று நிறுவியது. ஒலி மெல்லியதாக இருக்கும்போது தாழ்ந்த சுரங்களைக் காது மிகக் குறைவாகவே உணர்கிறது. இதனோடு சக்கரத்தின் இரைச்சலும் காற்றின் முழக்கமும் சேர்கின்றன. இவ்விரண்டும் பெரும்பாலும் தாழ்ந்த பகுதியிலேயே திரண்டு நிற்பவை. ஆகவே ஓடும் வண்டியில் முதலிற் பலியாவது மந்தர ஒலியே. சாரதி என்ன செய்கிறார்? விசையைத் திருப்பி எல்லாவற்றையும் உரக்க வைக்கிறார். மந்தர ஒலி சிறிது மேலெழுகிறது. அதற்காக நடுத்தர ஒலியும் உச்ச ஒலியும் காதைத் தாக்குகின்றன. காதுக்கு ஊறு செய்வதில் முந்தி நிற்பன இவையே. அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம், 85 டெசிபெல் அளவை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்றும், ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் அந்நேரம் பாதியாகக் குறையவேண்டும் என்றும் வகுத்துள்ளது. அந்தக் கணக்கில் 94 டெசிபெல்லுக்கு ஒரு மணி நேரமே அனுமதி. அளவோடு வைத்த மந்தர ஒலிபெருக்கி இங்கேதான் உண்மையான நன்மை செய்கிறது. பாட்டின் அடித்தளம் நிறைவாகக் கேட்குமாயின், மற்றவற்றை உரக்க வைக்கும் ஆசை தானே அடங்கும். வீதி நடுங்க ஓசையெழுப்பும் இளைஞரைப் பார்த்து இக்கருவியையே வெறுப்போர் பலர். குற்றம் கருவியினது அன்று.

இக்கருவிக்கு வண்டியில் இடம் எங்கே? செக்கனுக்கு 40 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் எட்டரை மீற்றருக்குச் சற்று மேல். வண்டியின் அறையோ இரண்டரை மீற்றரளவு நீளந்தான். இவ்வளவு நீண்ட அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது பிரித்தறிய மாட்டாது. அதனால் ஒலிபெருக்கியைக் கேட்போரின் முன்னே வைக்கவேண்டிய கட்டாயமில்லை. பின்னாசனத்தின் கீழே மறைத்து வைக்கலாம். சிற்றறையால் வேறொரு நன்மையும் உண்டு. அறையின் நீளம் அலைநீளத்தின் பாதியினும் குறையும்போது, அலை அலையாகப் பரவுவதை விடுத்து அறைக்காற்று முழுவதும் ஒன்றாகவே அமுங்கி விரிகிறது. இரண்டரை மீற்றர் அறையில் இது செக்கனுக்கு ஏறத்தாழ 70 அதிர்வுகளின் கீழே நிகழத் தொடங்கும். அதற்குக் கீழே செல்லச்செல்ல அறையே மந்தர ஒலிக்கு வலிமை சேர்க்கும். வீட்டு மண்டபத்தில் ஒலிக்காத சிறிய கருவி வண்டியில் நன்றாக ஒலிப்பதன் காரணம் இதுவே. கண்ணாடியை இறக்கினால் அவ்வலிமை உடனே கசிந்துவிடுவதை எவரும் சோதித்துப் பார்க்கலாம்.

ஆனால் ஒலிபெருக்கியை வெறுமனே ஆசனத்தின் கீழ்க் கிடத்தினால் பயனில்லை. அதன் தாள் முன்னே காற்றைத் தள்ளும்போது பின்னே இழுக்கிறது. இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். பெட்டியொன்று வேண்டும். பெட்டியின் வரலாறு சுவையானது. பெல் ஆய்வுகூடத்தின் துராஸ் என்பவர் 1932இல், பெட்டியிலே குழாய்வழி ஒன்று விட்டுப் பின்பக்க ஒலியையும் பயன்கொள்ளும் முறைக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். 1954ஆம் ஆண்டில் எட்கார் வில்ச்சர் என்ற அமெரிக்கர் இதற்கு மாறான வழியிற் சென்றார். பெட்டியை முற்றாக அடைத்து, உள்ளே சிறைப்பட்ட காற்றையே தாளுக்கு வில்லாக அமைத்தார். அலுமாரி போன்ற பெட்டிகள் தந்த மந்தர ஒலியை அவருடைய சிறிய பெட்டி தந்தது. 1961இல் அவுஸ்திரேலியரான நெவில் தீல், குழாய்வழி வைத்த பெட்டிகளைக் கணக்காலேயே வடிவமைக்கும் முறையை வகுத்தார். ‘கே.எல்.எச்.’ நிறுவனத்தை நிறுவியோரில் ஒருவரான அன்ரன் ஹொஃப்மன் (பியானோ வித்துவான் ஜோசப் ஹொஃப்மனின் மகன் இவர்) கண்டுணர்ந்த உண்மையை ஒலித்துறையார் இரும்பு விதி என்பர். சிறிய பெட்டி, மிகத் தாழ்ந்த ஒலி, குறைந்த மின்வலுவிலேயே உரத்த ஒலி ஆகிய மூன்றில் இரண்டையே ஒருங்கே பெறலாம், மூன்றாவதை விட்டுக்கொடுக்கவேண்டும்.

பிக்கப் வண்டியில் எதை விட்டுக்கொடுப்பது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. பின்னாசனத்தின் கீழேயுள்ள வெளி தாழ்ந்தது, குறுகியது. அங்கே பெரும்பாலும் சக்கரம் மாற்றும் ‘ஜாக்’ முதலான கருவிகளும் இருக்கும். பெட்டி சிறிதாகத்தான் இருந்தாகவேண்டும். தாழ்ந்த ஒலியும் வேண்டும். எனவே கொடுக்கவேண்டியது மின்வலு. ஆழம் குறைந்த 25 சதம மீற்றர் ஒலிபெருக்கி ஒன்று, பதினைந்து இருபது லீற்றர் கொள்ளும் அடைத்த பெட்டி, 300 உவாற்று விரியலாக்கி ஆகியன குடும்ப வண்டிக்கு நிரம்பப் போதும். குழாய்வழிப் பெட்டி இதனினும் உரக்க ஒலிக்கும் என்பது மெய். ஆனால் அதற்கு வேண்டிய கனவளவு ஆசனத்தின் கீழே கிடையாது. பெட்டியின் பலகை தடித்ததாகவும் மூட்டுக்கள் காற்றுப் புகாதனவாகவும் இருத்தல்வேண்டும். அதனை நிலத்தட்டில் இறுக்குமுன் வண்டியின் அடியிற் குனிந்து பார்ப்பது நன்று. எரிபொருட் குழாயும் தடைக்குழாயும் அத்தட்டின் கீழேயே செல்லுதல் கூடும். ஆசனத்தின் கீழுள்ள மஞ்சள்நிற இணைப்புகள் காற்றுப்பைகளுக்கு உரியவை. அவற்றில் கைவைக்கலாகாது.

பாட்டைக் கொணரும் சமிக்கையை எங்கிருந்து எடுப்பது? முற்காலத்தில் தொழிற்சாலைப் பெட்டியைக் கழற்றிவிட்டு வேறொன்றை வைப்பார்கள். இக்காலத்து வண்டியில் வானொலியும் குளிரூட்டியும் பின்புறக் கமராவும் ஒரே திரையில் பிணைந்திருப்பதால் அது எளிதன்று. ஆகவே பின் ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பிகளிலிருந்தே சமிக்கையைப் பிரித்து, வலிமையைக் குறைத்து, விரியலாக்கிக்கு ஏற்றவாறு மாற்றித்தரும் சிறு கருவியை இடையே வைக்கிறார்கள். இங்கே பலர் இடறுவதுண்டு. ஒலிபெருக்கிக்குச் செல்லும் இரண்டு கம்பிகளில் ஒன்று வண்டியின் உடலோடு தொடர்புடையது என்று எண்ணி, அதனை உலோகத்தோடு இணைத்துவிடுகிறார்கள். தற்காலப் பெட்டிகளில் இரண்டு கம்பிகளும் உயிருள்ளவை. அவ்விணைப்பால் பெட்டியே பழுதாகலாம்.

தொழிற்சாலையார் வைத்த வேறு இரு பொறிகளும் அறியத்தக்கவை. விசை ஏறஏறச் சிறிய ஒலிபெருக்கிகளைக் காப்பதற்காக மந்தர ஒலியைத் தாமாகவே குறைத்துவிடும் பெட்டிகள் உள்ளன. அவற்றிலிருந்து சமிக்கை எடுத்தால், உரக்க வைக்கும்போது மந்தர ஒலி மறையும். அதனை ஈடுசெய்யும் வகையிலான மாற்றுக்கருவியைத் தேர்ந்துகொள்ளவேண்டும். மற்றது இதனினும் நூதனமானது. சில வண்டிகளின் கூரையில் ஒலிவாங்கிகள் மறைந்திருக்கும். எஞ்சினின் முழக்கத்தை அவை கேட்டு, அதற்கு எதிரான அலையை ஒலிபெருக்கிகளின் வழியே அனுப்பி அம்முழக்கத்தை அழிக்கும். புதிய மந்தர ஒலிபெருக்கி சேர்ந்ததும் அவ்வெதிரலை அளவும் காலமும் மாறி வெளிவருவதால், அழிக்கவேண்டியது தானே முழங்கத் தொடங்கும். வானொலியை நிறுத்திய பின்னரும் வண்டிக்குள் ஊமைமுழக்கம் கேட்குமாயின், புதுக் கருவியைக் குறைகூறுமுன் அந்த ஒலிவாங்கிகளின் இணைப்பைக் கழற்றிப் பார்க்கவேண்டும்.

இனிச் சொல்வது ஒலியைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது. 300 உவாற்று விரியலாக்கி நல்ல திறனுடையதாயினும், முழு வலுவில் 27 அம்பியர் வரை மின்னோட்டத்தை இழுக்கும். அதனைத் தாங்கும் கம்பியைப் பற்றரியிலிருந்து நேராகக் கொண்டுவருதல் வேண்டும். வானொலிக்குரிய மெல்லிய கம்பி இதற்கு ஆகாது. எட்டுச் சதுர மில்லிமீற்றர் செப்புக்கம்பியில் ஐந்து மீற்றர் தூரத்துக்குக் கால் வோல்ற்றளவே இழப்பு ஏற்படும். விலைமலிவாக விற்கும் தடித்த கம்பிகள் சில, செம்பு பூசிய அலுமினியத்தாலானவை. தடிப்பைக் கண்டு ஏமாறலாகாது. இக்கம்பி எஞ்சின் அறைக்கும் வண்டியறைக்கும் இடையிலுள்ள இரும்புத் தட்டைத் துளைத்துக்கொண்டு வரவேண்டும். துளையின் விளிம்பு கத்தி போன்றது. இறப்பர் வளையம் இடாமல் விட்டால், வண்டியின் அதிர்விலே கம்பியின் போர்வை நாளுக்குநாள் தேயும். ஒருநாள் செம்பு இரும்பைத் தொடும். அவ்வேளையில் பற்றரி பாய்ச்சும் மின்னோட்டம் முப்பது நாற்பது அம்பியர் அன்று, நூற்றுக்கணக்கானது. கம்பி செந்தழலாகி, அருகிலுள்ள துணியும் பிளாஸ்ரிக்கும் பற்றிக்கொள்ளும். இதனைத் தடுப்பது ‘பியூஸ்’ எனப்படும் உருகி ஒன்றே. அதனை விரியலாக்கியின் பக்கத்தில் மட்டும் வைத்தாற் போதும் என்று நினைப்பது பெரும்பிழை. அங்கே வைத்த உருகி விரியலாக்கியைக் காக்குமேயன்றி, பற்றரிக்கும் அதற்கும் இடையே ஓடும் நெடுங்கம்பியைக் காப்பதில்லை. பற்றரியிலிருந்து 45 சதம மீற்றருக்குள், 40 அம்பியர் உருகி ஒன்று அமையவேண்டும். வேலை தொடங்குமுன் பற்றரியின் மறைமுனையைக் கழற்றிவைப்பதும், எல்லாம் முடிந்தபின்னரே உருகியைச் செருகுவதும் கைதேர்ந்தோரின் வழக்கம்.

மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வழியும் அத்துணை முக்கியமானது. விரியலாக்கியின் மறைக்கம்பி அரை மீற்றருக்கு மேற்படாமல், வர்ணம் சுரண்டிய வெற்று உலோகத்தில் இறுக்கமாகப் பொருந்தவேண்டும். தளர்ந்த இணைப்பால் எஞ்சின் வேகத்தோடு ஏறியிறங்கும் வண்டின் ரீங்காரம் போன்ற ஒலி கேட்கும்; மின்பிறப்பாக்கியின் சத்தம் அது. ஃபோர்ட் கொம்பனியின் எஃப்-150 வண்டிக்கு 2015ஆம் ஆண்டு மொடல் முதல் அலுமினியக் கலப்புலோக உடல் அமைந்துள்ளது. அதில் உருக்குத் திருகாணியைக் கண்டபடி முடுக்கினால், ஈரம் பட்டதும் இரண்டு உலோகங்களுக்கும் இடையே அரிப்புத் தொடங்கும். தொழிற்சாலையாரே அமைத்த புவியிணைப்பு முனைகளைத் தேடிப் பயன்படுத்துவதே அங்கு உசிதம்.

பொருத்திய பின் அளவாக்கும் வேலை உண்டு. மந்தர ஒலிபெருக்கி செக்கனுக்கு 80 அதிர்வுகளுக்கு மேற்பட்டதைத் தொடாதபடி வடியை அமைக்கவேண்டும். அதற்கு மேலே சென்றால் ஆண்குரலின் அடிப்பகுதியும் ஆசனத்தின் கீழிருந்து எழும்; அறிவிப்பாளர் பின்னாசனத்தில் ஒளிந்திருப்பது போலத் தோன்றும். விரியலாக்கியிலுள்ள உணர்திறன் விசையைப் பலர் சத்தத்தைக் கூட்டும் விசையெனக் கருதி இறுதிவரை திருப்பிவிடுகிறார்கள். வானொலிப் பெட்டியின் அளவோடு விரியலாக்கியின் அளவை இசைவிப்பதே அதன் பணி. மிகைப்பட்டால் ஒலி சிதையும், ஒலிபெருக்கியின் சுருள் கருகும். அடுத்து, திசைமாற்றும் விசை. அதனை ஒரு பக்கம் வைத்தும் மறுபக்கம் வைத்தும் பழகிய பாட்டொன்றைக் கேட்கவேண்டும். எப்பக்கத்தில் மந்தர ஒலி நிறைந்து கேட்கிறதோ அதுவே சரியான பக்கம். மற்றப் பக்கத்தில் கதவு ஒலிபெருக்கிகளும் இதுவும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருக்கும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடமே ஆகும், செலவும் இல்லை. ஆயினும், பணத்தைக் கொட்டிக் கருவி வாங்கிய பலர் இதைச் செய்யாமல் விட்டு, வலு போதாதென்று இன்னும் பெரியதை வாங்குகிறார்கள்.

அளவு மிகுந்ததா என்பதை அறிய, வண்டியை நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுச் சாரதி வெளியே சென்று நிற்கலாம். கலிபோர்னியா மாநிலச் சட்டம், பெருந்தெருவில் 50 அடி தூரத்துக்கு அப்பால் கேட்கும்படி வண்டியின் ஒலியமைப்பை இயக்குவதைத் தடைசெய்கிறது. உள்ளே இருப்பவருக்கு அம்புலன்ஸ் வண்டியின் ஊதலும் கேட்கவேண்டும்.

புதிய ஒலி வந்ததும் வண்டியில் அதுவரை ஊமையாயிருந்த பொருள்களெல்லாம் பேசத் தொடங்கும். இலக்கத்தகடு நடுங்கும், கதவின் உட்பலகை கரகரக்கும், மறந்துபோன திருகாணி ஏதோ மூலையில் கிலுகிலுக்கும். ஒருவர் பாட்டை வைக்க, மற்றொருவர் கையால் ஒவ்வோரிடமாக அழுத்திப் பார்த்தால் இடம் அகப்படும். நுரைத்துண்டோ பசைநாடாவோ அதனை அடக்கும். வயலிலும் கல்வீதியிலும் ஓடும் வண்டியாயின், சில வாரங்கள் கழித்து உருகிக் கூட்டையும் புவியிணைப்பு ஆணியையும் மறுபடி இறுக்கிப் பார்த்தல் வேண்டும். ஓட்டத்தின் பின் உருகிக் கூட்டில் கைவைக்கும்போது சூடு தெரியுமாயின் அங்கே இணைப்புத் தளர்ந்திருக்கிறது.